பெர்க்சனா, டிரீஷா?

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, குடியரசையும் முற்போக்கையும் வெறுத்த பிரெஞ்சுக் கத்தோலிக்க அறிஞர்கள் உயிராற்றல் வாதத்தை, அதாவது உயிரை வெறும் இயற்பியல், வேதியியலால் விளக்கிவிட முடியாது என்ற கருத்தை, கையில் எடுத்தது எப்படி? அவர்களில் ஒருவரான தத்துவவாதி ழாக் மரித்தேனை வைத்து இதைப் புரிந்துகொள்ளப் பார்த்தேன். எல்லோரையும் போல பிரெஞ்சுத் தத்துவவாதி ஆன்ரி பெர்க்சனில் தொடங்கி, பாதியில் ஜெர்மன் உயிரியலாளர் ஹான்ஸ் டிரீஷுக்கு மாறினேன். மாறியது சரிதான்.

பெர்க்சனின் ஈர்ப்பு தெரிந்ததே. உயிர் இயந்திரமல்ல, ஓயாத படைப்பு என்றார். வாழ்வுக்குப் பொருள் கிடைக்காவிட்டால் செத்துவிடுவது என்று முடிவெடுத்திருந்த மரித்தேனையும் பின்னாளில் அவர் மனைவியான ராயிசாவையும் மீட்டதில் அவருடைய விரிவுரைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் ஒரு தத்துவத்தைத் திருச்சபைக்குள் கொண்டுவந்தால் அதை அங்கே வைத்துக் காப்பாற்றவும் வேண்டும். எனக்கு முடிவு சொன்னது இதுதான். எல்லாமே ஓட்டம் என்றால் திருச்சபையின் கோட்பாடும் ஓடும், அறிவு தொட்டுப் பிடிக்கும் நிலையான உண்மையும் கரையும். கோட்பாடு காலத்தோடு மாறும் என்ற நவீனவாதத்தை 1907இலேயே கண்டித்திருந்த ரோம், 1914இல் பெர்க்சனின் மூன்று நூல்களைத் கத்தோலிக்கர் படிக்கக்கூடாத நூல்களின் தடைப்பட்டியலில் சேர்த்தது. மரித்தேனே அதற்குள் அவரை மறுத்து எழுதத் தொடங்கியிருந்தார்.

டிரீஷிடம் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. அவர் 1891இல் கடல் முள்ளெலியின் கருவை இரண்டு செல் நிலையில் குலுக்கிப் பிரித்தார். பாதி உடல் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில், ஒற்றைச் செல்லிலிருந்தே சிறியதானாலும் முழுமையான இளம் உயிரி வளர்ந்தது. பாகத்துக்குள் முழுமையை நடத்தும் ஒன்று இருக்கிறது என்று முடிவுகட்டி, அதற்கு அரிஸ்டாட்டிலின் சொல்லையே எடுத்து 'என்டெலெக்கி' என்று பெயரிட்டார். ஆன்மாவே உடலின் வடிவம், அதாவது உடலை உயிருள்ள உடலாக்கும் உள்ளமைப்பு, என்று அரிஸ்டாட்டிலைப் பின்பற்றிய இடைக்கால இறையியலாளர் அக்வினாஸ் வழியில் படித்தவருக்கு இது சொந்த வீட்டுச் சொல். 1906க்குப் பின் ஹைடெல்பெர்க்கில் டிரீஷிடமே உயிரியல் படித்த மரித்தேன், 1921இல் அவர் நூலின் பிரெஞ்சுப் பதிப்புக்கு முன்னுரை எழுதினார். சபையின் பழைய தத்துவத்துக்கு ஆய்வுக்கூடமே சாட்சி சொல்வதுபோல் அமைந்தது அது. ஒரு குறையும் உண்டு: டிரீஷின் என்டெலெக்கி உடலின் வடிவமாக இல்லாமல், வெளியே நின்று உடலை ஓட்டுவதுபோலவே எனக்குப் படுகிறது.

இந்த உயிரியல் அவர்களுடைய அரசியலை எவ்வளவு தூரம் வடித்தது என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. முடியாட்சி கேட்ட ஆக்சியோன் பிரான்சேஸ் இயக்கத்தை 1926இல் போப் 11ஆம் பயஸ் கண்டித்ததும், அதோடு நெருங்கியிருந்த மரித்தேன் விலகினார். பிற்பாடு மக்களாட்சிக்காகவே எழுதினார். டிரீஷோ போரை எதிர்த்தவர். 1933இல் நாஜிகள் அவரை லைப்சிக் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள்.