பேட்டரி மாற்ற வேண்டிய புகை அலாரத்துக்கு 468 வெள்ளி பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்

வியாழக்கிழமை சாயங்காலம் நடந்தது. இன்று ஞாயிறு. மூன்று நாளாக வயிறு எரிகிறது, அதனால் கோவையாக எழுத வருமா என்று தெரியவில்லை. வீட்டில் ஸ்மோக் டிடெக்டர் மாட்டியிருக்கிறவர்கள், முக்கியமாக வயதானவர்களோடு இருக்கிறவர்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். 468 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். ஒரு சதுரப் பேட்டரியோடு முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு 468 வெள்ளி கொடுத்திருக்கிறேன்.

எங்களுடையது சிங்கப்பூரில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீடு. 2019-ல் புக்கிட் பாத்தோக்கில் மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒருவர் இறந்துபோன செய்தி வந்தபோது பயந்துபோய் நானே ஒரு டிடெக்டர் வாங்கி அத்தையின் அறை வாசலில் மாட்டினேன். என் மாமியாருக்கு இப்போது 79 வயது. ஒரு காது மந்தம், முழங்கால் தேய்மானம். படுக்கையிலிருந்து எழுந்து வாசலுக்கு வரவே அவருக்கு மூன்று நான்கு நிமிஷம் ஆகும். புகை வந்தால் அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

போன செவ்வாய் விடியற்காலை மூன்று மணிக்கு அது 'கீச்' என்றது. நாற்பது விநாடி கழித்து மறுபடி 'கீச்'. பல்லி என்றார் அத்தை. பகலில் சத்தமே இல்லை. ஸ்டூலில் ஏறி டெஸ்ட் பட்டனை அமுக்கினேன், நன்றாகவே அலறியது. ராத்திரி திரும்பவும் ஆரம்பித்தது. விட்டு விட்டு ஒற்றைக் கீச்சென்று வந்தால் பேட்டரி இறங்கிவிட்டது என்று அர்த்தமாம். விடியற்காலையில் கொஞ்சம் குளிர்ந்ததும் பேட்டரியின் வோல்டேஜ் இன்னும் விழும், அதனால்தான் அந்த நேரமாகப் பார்த்துக் கத்துகிறது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது சென்சார்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட்டேன். கையேட்டைத் தேடுவதற்காகக் கருவியைக் கழற்றி அதன் பின்பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்து வைத்தேன். எடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பின்னால் சொல்கிறேன்.

என் கணவர் வேலையாகப் பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்குப் போயிருந்தார். ஏர்கான் கழுவ, குழாய் பார்க்க, மின்வேலை செய்ய என்று வீட்டுக்கு ஆள் அனுப்பும் செயலிகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றில் பதிவு செய்தேன். பெயர் போடவில்லை, வழக்கு போடும் எண்ணம் இருக்கிறது. வந்து பார்க்க 60 வெள்ளி முன்பணம், செயலியிலேயே கட்டினேன்.

வந்தவர் நம் தமிழ்ப் பையன், முப்பது வயது இருக்கும். வாசலில் செருப்பை ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். "பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்று அத்தையிடம் கேட்டார். அங்கேயே எனக்குப் பாதி சந்தேகம் போய்விட்டது. டிடெக்டரைத் திருகிக் கழற்றி, "அக்கா, இதைக் காரிடார்ல வச்சுத்தான் டெஸ்ட் பண்ணணும்" என்று வெளியே எடுத்துக்கொண்டு போனார். நான் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷத்தில் வந்து திரும்ப மாட்டினார். சாமி மாடத்திலிருந்து ஓர் ஊதுபத்தி கேட்டார். கொளுத்தி அதன் அடியில் நீட்டினார். புகை நேராக அதற்குள் போனது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சத்தமே இல்லை.

"பார்த்தீங்களாக்கா, சென்சார் செத்துப்போச்சு. இதுக்கு ஆயுசே அஞ்சு வருஷந்தான். நெசமாவே தீப்பிடிச்சிருந்தா பாட்டி கதி?"

இதை அத்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையில் முழுசாக விழுந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் அறைக்கு ஒன்று இருப்பது சட்டம், சோதனைக்கு வந்தால் அபராதம் என்றார். சரியாக மூன்று கருவிகள் அவர் பையிலேயே இருந்தன. பத்து வருஷம் பேட்டரியே மாற்ற வேண்டாம், சீல் வைத்த லித்தியம் என்றார். ஒன்று 136 வெள்ளி, மூன்றும் 408. "செயலி வழியா கட்டினா 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்துடும்க்கா, எனக்கே பேநவ் பண்ணிடுங்க" என்றார். பேநவ் என்றால் வங்கியிலிருந்து நேராக அவர் எண்ணுக்கே பணம் அனுப்புவது. அனுப்பினேன். 60-உம் 408-உம் சேர்த்து 468. பழைய டிடெக்டரையும் "நாங்கதான் டிஸ்போஸ் பண்ணணும், விதி" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ராத்திரி இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குக் கூடத்தில் இருந்தது அலற ஆரம்பித்தது. புகை இல்லை, அடுப்பு இல்லை, விளக்கு இல்லை. அத்தை பதறி எழுந்து கட்டில் விளிம்பில் முழங்காலை இடித்துக்கொண்டார். எதிர்வீட்டு மலாய் அம்மா கையில் சாவியோடு ஓடி வந்துவிட்டார். அலாரத்தை அணைத்தேன். நாலு மணிக்கு மறுபடி அதே கூத்து.

சனிக்கிழமை விடிந்ததும் மூன்றின் டெஸ்ட் பட்டனையும் அமுக்கிப் பார்த்தேன். அத்தை அறையில் மாட்டியது ஊமை. பத்து எண்ணும் வரை விரலை எடுக்கவில்லை, ஒரு முனகல்கூட வரவில்லை. எந்த அறைக்காக இவ்வளவும் செய்தேனோ அந்த அறையில்!

கழற்றித் திருப்பினேன். சீல் வைத்த லித்தியம் என்றாரே, உள்ளே சாதாரண டபுள் ஏ பேட்டரி இரண்டு. ஒன்றின் முனையில் வெள்ளையாகப் பூத்து ஒழுகியிருந்தது. பின்பக்கம் ஒரு புது ஸ்டிக்கர், அதன் ஒரு மூலை மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. ஹேர் டிரையரால் சூடு காட்டி நகத்தால் உரித்தேன். அடியில் பழைய அச்சு, தயாரித்த ஆண்டு 2014. இந்தக் கருவிகளுக்கு ஆயுள் பொதுவாகப் பத்து வருஷம். என் வீட்டுக் கூரையில் ஏறும்போதே அது ஆயுள் முடிந்த கருவி. கூடத்தில் இருந்ததைத் திறந்தால் உள்ளே சிலந்தி வலையும் தூசியும். கருவிக்குள் இருக்கும் இருட்டுக் கூட்டில் ஒரு சின்ன விளக்கு ஒரு பக்கமாக எரியும், புகை நுழைந்தால் வெளிச்சம் சிதறி, நேர் எதிரில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும் உணரியில் படும், அப்போது அலறும். தூசி புகுந்தாலும் அதே சிதறல்தான். எங்கேயோ கழற்றிப் போட்டதைத் துடைத்துக் கொண்டுவந்து எனக்குத் தலைக்கு 136 என்று விற்றிருக்கிறார்கள்.

இன்னும் கேளுங்கள். காரிடாரைப் பெருக்கும்போது செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒரு 9 வோல்ட் சதுரப் பேட்டரி கிடந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதிரி பேட்டரி வேறு எதிலும் கிடையாது, அந்த டிடெக்டரில் மட்டும்தான். நாத்தனார் வீட்டுக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்தார், 7.2 காட்டியது. புதிதாக இருந்தால் 9-க்கு மேல் காட்ட வேண்டும். ஆக என் டிடெக்டருக்கு வந்த நோய் அவ்வளவுதான். காரிடாரில் வைத்து 'டெஸ்ட்' செய்தவர் பேட்டரியை உருவிப் போட்டுவிட்டு, வெறும் கூட்டை மாட்டி, அதன் அடியில் என் சாமி ஊதுபத்தியைக் காட்டி, என் மாமியாரின் கதியைக் கேட்டிருக்கிறார். போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினேன். 2029-க்குள் மாற்றவும் என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது.

அந்தச் சட்டமும் பொய். 2018 ஜூன் 1 முதல் புது வீடுகளுக்கும், தீப் பாதுகாப்பு வேலைக்கு வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டிய பழைய வீடுகளுக்கும்தான் கட்டாயம். எங்களைப் போன்ற வீடுகளை மாட்டச் சொல்லி, தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை ஊக்குவிக்கிறது, அவ்வளவே.

அதன் பிறகு பட்ட பாடு தனி. செயலியில் புகார் போட்டால் முதலில் ஓர் இயந்திரம், "உங்கள் பொறுமைக்கு நன்றி". ஒரு மணி நேரம் கழித்து ஒரு மனுஷி வந்து மூன்று முதல் ஐந்து வேலை நாள் என்றார். விடாமல் எழுதினேன். "எங்கள் வழியாக வந்தது 60 வெள்ளி மட்டுமே. மற்றது உங்களுக்கும் எங்கள் கூட்டாளிக்கும் இடையிலான விஷயம்." சரி, அந்தக் கூட்டாளியின் முழுப் பெயரும் முகவரியும் கொடுங்கள் என்றேன். தனிநபர் விவரமாம், தர முடியாதாம். அந்த 60-ஐயாவது திருப்பிக் கொடுங்கள் என்றால், ஆள் வந்தாரே, வருகைக் கட்டணம் அதற்குத்தானே என்கிறார்கள். கடைசியில் 10 வெள்ளிக்கு ஒரு வவுச்சர் அனுப்பினார்கள், அதே செயலியில் மறுபடி ஆள் கூப்பிடுவதற்கு. போனது 468.

அந்தப் பையனுக்கு சனிக்கிழமை காலை போன் அடித்தபோது எடுத்தார். "வேலையில இருக்கேன்க்கா, வந்து பார்க்கிறேன்." மத்தியானம் ஒரு செய்தி, "நீங்க சாம்பிராணி போடுறதாலதான் கத்துது". ஊமையாக இருக்கும் கருவிக்கும் சாம்பிராணிதான் காரணமா என்று கேட்டேன். அதற்குப் பிறகு என் செய்தி எதையும் அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இன்று மத்தியானம் கடைக்கு நானே போய், பின்பக்கத் தேதியைப் பார்த்து, ஒன்று வாங்கி மாட்டினேன். 35 வெள்ளி. பட்டனை அமுக்கியதும் அத்தை உள்ளேயிருந்து, "கேக்குது, கேக்குது, நிறுத்தும்மா" என்றார்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மணி பன்னிரண்டாகிவிட்டது. அவசரமாகச் சில விஷயம். கீச்சென்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், வேக்குவமால் மெதுவாகத் தூசி எடுங்கள், பிறகு டெஸ்ட் பட்டன். பின்பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள், பத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் புதிது. சீல் வைத்த வகையில் பேட்டரி போனால் முழுதாகத்தான் மாற்ற வேண்டும். தாளிக்கிற இடத்துக்கும் குளியலறைக்கும் பக்கத்தில் மாட்டாதீர்கள். யாரிடமும் கருவியைக் கண் மறைவாகக் கொடுக்காதீர்கள், பழையதைக் கொடுத்தனுப்பாதீர்கள். செயலியில் கூப்பிட்டால் செயலியிலேயே காசு கட்டுங்கள், தனியாக பேநவ் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் அது விற்கும்போதே இருந்த பழுது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லையென்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். பயனீட்டாளர் சங்கத்துக்கு நாளை காலை போகிறேன். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் என்னைப் போன்ற வாடிக்கையாளர் 5,000 வெள்ளி வரை கேட்க மனுக் கட்டணம் 10 வெள்ளிதான், இரண்டு வருஷம் அவகாசமும் இருக்கிறது. ஆனால் எந்தப் பெயரில், எந்த முகவரிக்கு என்று போடுவது? கையில் இருப்பது ஒரு பேநவ் எண் மட்டும். அந்த மூன்றையும் ஸ்டிக்கரோடும் சதுரப் பேட்டரியோடும் பையில் கட்டி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் வந்து ஊதுபத்தி கேட்டிருந்தால், பணம் அனுப்பிய ரசீதோடு எனக்குத் தெரியப்படுத்துங்கள், சேர்ந்து மனுக் கொடுக்கலாம்.