செட்டில்மென்ட் பணத்துல பிரான்சைஸ் எடுக்கப் போறவங்க இதை ஒரு தடவை படிச்சிடுங்க

போன வாரம் என் கூட வேலை பார்த்த ஒருத்தர் போன் பண்ணி, "வேலைய விட்டுட்டேன்ப்பா, ஒரு லாண்டரி பிரான்சைஸ் பாத்து வச்சிருக்கேன், ரொம்ப டீசன்ட்டான ஆளுங்க"ன்னாரு. கம்பெனி பேரு என்னன்னு கேட்டேன். என்னை கவுத்த அதே கம்பெனி. இத்தனை நாள் வெக்கப்பட்டுட்டு வாய மூடிட்டு இருந்தேன், இனிமே முடியாது.

நான் 24 வருஷம் பர்ச்சேஸ்ல இருந்தவன். 3 கொட்டேஷன் இல்லாம ஒரு போல்ட் கூட வாங்க விட்டதில்ல. 49 வயசுல வெளிய வந்தேன், லிங்க்ட்இன்ல ஒரு குட்பை போஸ்ட் போட்டேன், நாலாவது நாளே அந்த கம்பெனிலேர்ந்து மெசேஜ். செட்டில்மென்ட் எப்ப கைக்கு வரும்னு நான் சொல்லாமலே கணக்கு போட்டு வச்சிருந்தாங்க. வேலைய விட்டப்புறம் யாரும் "சார்"னு கூப்பிடாத நேரம் அது, இவங்க வாய்க்கு வாய் சார். பாதி அதுலயே விழுந்துட்டேன்.

அப்புறம் ஒரு ஹால்ல மீட்டிங் வச்சாங்க. ரே க்ராக் 1955ல தன்னோட முதல் மெக்டொனால்ட்ஸ் கடைய தொறந்தப்போ வயசு 52, கேஎஃப்சி சிக்கன் கடைய ஆரம்பிச்ச கர்னல் சாண்டர்ஸ் 1952ல பிரான்சைஸ் கொடுக்க ஆரம்பிச்சப்போ 60ஐ தாண்டிட்டாருன்னு ஸ்லைடு ஸ்லைடா ஓடுது, நானும் கைதட்டுறேன். ரெண்டு பேருமே பிரான்சைஸ் வித்து பெரிய ஆளானவங்க, நான் அங்க வாங்க வந்திருக்கேன்னு மண்டையில ஏறவே இல்ல. அமெரிக்காவுல வேகமா வளர்ந்த கம்பெனிங்கள்ல உச்சியில இருக்கற, ஆயிரத்துல ஒண்ணு மாதிரியான கம்பெனிங்கள ஆரம்பிச்சவங்களோட சராசரி வயசு 45ன்னு ஒரு ஆய்வையும் காட்டினாங்க. அது பொய் இல்ல, 2020ல வந்த ஆய்வு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் தேடி படிச்சேன்: அதே தொழில்ல ஏற்கனவே வேலை பார்த்தவங்களுக்குத்தான் ஜெயிக்கற வாய்ப்பு நல்லாவே கூடன்னும் அதே ஆய்வுல இருக்கு. அத மட்டும் ஸ்லைடுல காட்டல. எனக்கு துணி துவைக்கறதுல என்ன அனுபவம், வீட்டு வாஷிங் மெஷின்ல பட்டன் அமுக்கறதுதான்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுத்தாங்க. முதல் மாசத்துலேர்ந்தே மெஷின் 80 சதவீதம் ஓடுமாம். செலவு லிஸ்ட்ல வாடகை இருக்கு, ஆள் சம்பளம் இருக்கு, என் சம்பளம் மட்டும் பூஜ்யம். அதாவது "மாச லாபம்"னு கீழ போல்டுல போட்டிருந்ததுல பெரும் பகுதி நான் காலைல 7லேர்ந்து ராத்திரி 10 வரைக்கும் சும்மா உழைக்கறதோட மதிப்பு. என் மனைவி அப்பவே கேட்டா, "நீங்க நிக்காம ஒரு ஆள போட்டா இதுல என்னங்க மிஞ்சும்?"னு. நான் என்னமோ பெரிய இவனாட்டம், உனக்கு பிசினஸ் புரியாதுன்னு சொன்னேன். அதுக்கு இன்னும் திட்டு வாங்கிட்டு இருக்கேன்.

மெஷின் அவங்ககிட்டதான் வாங்கணும், அவங்க பேர்ல கடை நடத்தறதுக்கு கட்டற ராயல்டி 8 சதவீதம், அதுவும் லாபத்துல இல்ல, மொத்த விற்பனைல, நஷ்டத்துல ஓடினாலும் கட்டணும். நல்லா போற கடைன்னு 2 பேர் நம்பர் கொடுத்தாங்க, பேசினேன், தேனா பேசினாங்க. ஆள் சேர்த்து விட்டா அவங்களுக்கு கமிஷன்னு 8 மாசம் கழிச்சு அதுல ஒருத்தரே வாய் தவறி சொல்லிட்டாரு. மூடிட்டுப் போனவங்க நம்பர கேட்டிருக்கணும், கேக்கல.

ட்ரையர் கெட்டுப்போனப்போதான் உண்மை வெளிய வந்துச்சு. கூப்பிட்டா கூப்பிட்டா ஆள் வரல, வெளிய ஒரு மெக்கானிக்க வர வச்சேன், அவர் கம்பெனி ஸ்டிக்கர நகத்தால கீறி எடுத்தாரு, அடியில வேற பிராண்ட் பேரு. டீலருக்கு போன் போட்டு விலை கேட்டா நான் கொடுத்தது ஒண்ணரை மடங்குக்கு மேல! 24 வருஷம் பர்ச்சேஸ்ல இருந்தவன் சார் நான். அப்பதான் புரிஞ்சுது, அவங்க காசு பாக்கறது மெஷின் விக்கறதுலயும் சேரும்போது வாங்கற பீஸ்லயும். என் கடை ஓடினா என்ன, மூடினா என்ன, அடுத்த ஆள் ரெடியா இருக்காரு.

உங்க ஏரியாவுல வேற யாருக்கும் கொடுக்க மாட்டோம்னு வாயால சொன்னது அக்ரிமென்ட்ல "கடை" பத்தி மட்டும்தான், ஆப்ல வர்ற ஆர்டர் பத்தி ஒரு வரி இல்ல. என் தெருவுல இருக்கறவங்க ஆர்டரே வேற கடைக்கு போச்சு. மெஷின திரும்ப வாங்கிக்கறோம்னு பைபேக் கேரண்டியும் இருந்துச்சு, "கம்பெனி நிர்ணயிக்கும் மதிப்பில்"னு. அவங்க நிர்ணயிச்ச மதிப்புக்கு மேல பழைய இரும்புக்காரரே கொடுப்பாரு.

14 மாசத்துல கடைய மூடிட்டேன். வாடகை ஒப்பந்தம் 3 வருஷ லாக்-இன், நடுவுல விட முடியாது, அது கம்பெனி பேர்ல இல்ல, என் பேர்ல, அதனால பூட்டின கடைக்கு இன்னும் மாசாமாசம் வாடகை கட்டறேன். கேஸ் போடலாம்னா தகராறு எல்லாம் அவங்க ஊர்லதான் பேசணும்னு 31ஆம் பக்கத்துல இருக்கு. வக்கீல்கிட்ட கொடுத்திருக்கேன், பாப்போம்.

அந்த நண்பர் இன்னும் கையெழுத்து போடல. நாளைக்கு காலைல வீட்டுக்கு வரேன்னிருக்காரு, என் அக்ரிமென்ட்டையும் அந்த மெஷின் பில்லையும் எடுத்து மேஜை மேல வச்சிருக்கேன். வேற யாராச்சும் இதே நிலைமைல இருந்தா மெசேஜ் பண்ணுங்க, ரெண்டையும் அனுப்பறேன்.