ஐடி மேலாளர் சைபர் பாதுகாப்புக்கு மாறும்போது: காலவரிசை ரெஸ்யூமேயா, திறன்வழி ரெஸ்யூமேயா?

பல ஆண்டுகள் ஐடி பிரிவை நிர்வகித்தவர் சைபர் பாதுகாப்பு வேலைக்கு விண்ணப்பிக்கையில் அவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. வகித்த பதவிகளை அண்மையிலிருந்து பின்னோக்கி அடுக்குவது ஒன்று; பதவிகளைக் கடைசிக்குத் தள்ளி, அணுகல் கட்டுப்பாடு, பேக்கப், ஆடிட் என்று திறன்வாரியாக அனுபவத்தைப் பிரித்து எழுதுவது மற்றொன்று.

பாதுகாப்பு என்ற சொல்லே இல்லாத பதவிப் பெயர்கள் பின்னுக்குப் போய்விடுவதால், திறன்வழி ரெஸ்யூமே பலருக்குப் பிடிக்கிறது. ஆனால் எந்தத் திறன், எந்த வேலையில், எத்தனை ஆண்டு என்பது அதில் தெரியாததால், படிப்பவருக்கு எதையோ மறைக்கிறார் என்ற ஐயமே முதலில் எழும். பதவிப் பெயரைக் கண்டு கூசவும் தேவையில்லை: தகவல் பாதுகாப்பு வல்லுநர்களுக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழேகூட அதன் எட்டுத் துறைகளில் இரண்டிலாவது மொத்தம் 5 ஆண்டு அனுபவத்தைக் கேட்கிறதே தவிர (உரிய பட்டம் இருந்தால் ஓராண்டு கழியும்), இன்ன பதவிப் பெயர்தான் வேண்டும் என்று கேட்பதில்லை.

எனவே என் தேர்வு காலவரிசைதான். மாற வேண்டியது ஒவ்வொரு பதவியின் கீழும் வரும் வரிகள். “18 பேர் கொண்ட குழுவையும் பட்ஜெட்டையும் நிர்வகித்தேன்” என்பது எந்த மேலாளரும் எழுதக்கூடிய வரி. “600 கணினிகளில் அவசர பேட்ச் போட ஆன 30 நாளை 7 நாளாகக் குறைத்தேன், காலாண்டுதோறும் பேக்கப்பிலிருந்து சர்வரை மீட்டுச் சோதித்தேன்” என்பதோ பாதுகாப்புப் பணியையே காட்டுகிறது (பேட்ச் என்பது மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம்). அந்த எண்களை எப்படி அளந்தீர்கள் என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பார்கள் என்பதால், டிக்கெட் பதிவுகளில் (ஐடி பிரிவுக்கு வந்த கோரிக்கைகளின் பதிவுகள்) இருப்பதை மட்டுமே எழுதுவது நல்லது.

எந்த வரி மேலே வர வேண்டும் என்பதை வேலையே தீர்மானிக்கிறது. எஸ்ஓசி அனலிஸ்ட் (தாக்குதல்களைக் கண்காணிக்கும் மையத்தின் ஆய்வாளர்) வேலைக்குக் குழுவின் அளவு சுமைதான். லாக் (கணினிச் செயல்பாட்டுப் பதிவு) ஆய்வும் பாதுகாப்புச் சம்பவக் கையாளுகையும் முதலில் வரட்டும். இடர் மேலாண்மை, இணக்கம் சார்ந்த வேலைகளில் நிலைமை நேர்மாறு: 2024இல் வெளிவந்த அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டின் சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பின் 2.0 பதிப்பு ‘ஆளுகை’யை ஆறாவது செயற்பாடாகச் சேர்த்திருப்பதால், வெண்டார் ஒப்பந்தங்களும் கொள்கை வரைவுகளும் அங்கே நேரடியாகப் பொருந்துகின்றன.

‘ஐடி மேலாளர்’ என்பதைத் ‘தகவல் பாதுகாப்பு மேலாளர்’ என்று திருத்தும் ஆசை மட்டும் எந்த வகை ரெஸ்யூமேயிலும் ஆகாது. பின்னணிச் சரிபார்ப்பில் பழைய நிறுவனம் உண்மையான பதவியைத்தான் சொல்லும்.