குப்பைமேட்டு நிலத்தடி நீர்: அப்படியே விடுவதா, காற்று ஊதுவதா?

சேலம் எருமாபாளையம் போன்ற குப்பைமேட்டை ஒட்டிக் கிணறு உள்ளவர்களுக்கு, கழிவு இறங்கிக் கெட்ட நிலத்தடி நீரைச் சுத்தமாக்க இரண்டு வழி: மண்ணிலுள்ள பாக்டீரியாவிடமே விடுவது, அல்லது நிலத்தடிக்குக் காற்றைச் செலுத்தி அந்தப் பாக்டீரியாவின் வேலையை முடுக்குவது.

செலவு
விட்டால்: கண்காணிப்புக் கிணறு, லேப் கட்டணம்.
ஊதினால்: கம்ப்ரசர், போர், கரன்ட் பில்.

பலன்
விட்டால்: ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா அதற்குப் பதிலாக நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என வரிசையாகப் பிடித்து, கடைசியில் மீத்தேன் விடும். கரிமக் கழிவு குறையும். ஆனால் இரும்பு கரைந்து வரும். குடத்தில் பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் துருநிறமாகிறதே, அதுதான். குப்பை அழுகி வரும் நைட்ரஜன் கழிவான அம்மோனியம் பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.
ஊதினால்: அம்மோனியம் நைட்ரேட்டாகும். அதுவும் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது!

தொல்லை
விட்டால்: ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.
ஊதினால்: சேலம் கடினப்பாறை, காற்று விரிசல் வழியே மட்டும்தான் ஓடும். துரு படிந்து போர் அடைக்கும்.

தண்ணீரில் கரைந்த உப்பான குளோரைடை இரண்டுமே தொடாது.

கழிவு இறங்குவது நின்று, கிணறுகளும் தள்ளி இருந்தால் விட்டுவிடலாம். பக்கத்துக் கிணற்றில் அம்மோனியம் ஏறினால் காற்றுதான். மேட்டை மூடாதவரை இரண்டும் வெட்டிச் செலவு. குடிக்க எப்படியும் மேட்டூர்த் தண்ணீரையே பிடியுங்கள்.