ரெக்கவரி ரூமில் பெற்றோரை விடுகிறார்கள், ஆனால் எதையும் சொல்லிவிட்டு விடுவதில்லை

நாலு வயது மகளுக்கு டான்சில் ஆபரேஷன். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, அதில் குறையில்லை. நான் எழுத வந்தது அதற்கு அப்புறம் மயக்கம் தெளியும் இடத்தைப் பற்றி.

முதலில் நல்லது. பல இடங்களில் பிள்ளை முழுசாகத் தெளிந்து வார்டுக்கு வரும்வரை பெற்றோர் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இங்கே மூச்சுக்காகத் தொண்டைக்குள் வைத்திருந்த குழாயை எடுத்து, பிள்ளை தானாகச் சீராக மூச்சுவிட ஆரம்பித்ததும் ஒருவரை உள்ளே கூப்பிடுகிறார்கள். ஒருவரை மட்டும்தான். குழாய் எடுக்கும்போதே ஏன் விடுவதில்லை என்று கேட்டேன். அந்த நேரத்தில் குரல்வளை இறுகி மூச்சு அடைக்கலாம், அப்போது எங்களுக்குக் கைகாலை அசைத்து வேலை செய்ய இடம் வேண்டும் என்றார் நர்ஸ். நியாயம்தான்.

குறை இங்கேதான். உள்ளே போனால் மகள் கத்துகிறாள், முதுகை வில்லாக வளைக்கிறாள், கையில் இருக்கும் ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்க்கிறாள், என் முகத்தைப் பார்க்கிறாள் ஆனால் என்னைத் தெரியவில்லை. வலியா, மூளைக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று எனக்கு உயிரே இல்லை. அப்புறம்தான் மயக்க மருந்து டாக்டர் வந்து நிதானமாகச் சொல்கிறார்: செவோஃப்ளூரேன் மாதிரி மூச்சு வழியாகக் கொடுக்கும் மருந்துக்குப் பிறகு, பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயதுப் பிள்ளைகளிடம் இது சகஜம், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாக அடங்கிவிடும், விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அப்படியேதான் அடங்கியது. இதை முந்தின நாள் கையெழுத்து வாங்கும்போதே சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

பெற்றோர் பக்கத்தில் இருந்தால் இந்த ஆர்ப்பாட்டம் குறையுமா என்றும் கேட்டேன். ஆய்வுகள் உறுதியாக அப்படிச் சொல்லவில்லை என்று ஒளிக்காமல் சொன்னார், பிடித்திருந்தது. ஆனாலும் என்னை வெளியே உட்கார வைத்திருந்தால் அந்தக் கத்தலைக் கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டு இருந்திருப்பேன். அதற்கு இது எவ்வளவோ மேல்.

நாற்காலி கட்டிலைவிட ரொம்பத் தாழ்வு, எழுந்து நின்றே கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தபின் சில ராத்திரி அலறி எழுந்தாள். அதுவும் வழக்கமாக வருவதுதானாம், ஆனால் டிஸ்சார்ஜ் தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, நாங்களே போன் செய்து கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஐந்துக்கு மூன்றரை. நர்ஸுகளுக்கு மட்டும் என்றால் ஐந்து.