மரத்தூள் கலந்த பிளாஸ்டிக் பலகை: பினாங்கில் சில ஆண்டுகள் புழங்கியபின்

பட்டர்வொர்த்தில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு மாடி முகப்புக்கு 2018இல் மரத்தூள் கலந்த பிளாஸ்டிக் பலகை போட்டோம். செங்கால் என்ற உள்ளூர் வன்மரத்துக்குக் கேட்ட விலை ஒரு காரணம், கரையான் இன்னொரு காரணம்.

கரையான் விஷயத்தில் விற்றவர் சொன்னது அப்படியே பலித்தது. பழைய மரச்சட்டத்தைத் தின்று தீர்த்த கரையான் இதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரத்தூள் துணுக்குகளைச் சுற்றி பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் மூடியிருப்பதால் அதற்கு இரை எட்டுவதில்லை. "பராமரிப்பே வேண்டாம்" என்றாரே, அதுதான் அரைப்பொய்.

மழைநீர்க் குழாய்க்கு அருகில் உள்ள பலகை முனையைப் பார்த்தால் புரியும். அறுத்த பக்கம் நடுப்பகுதியைவிடத் தடித்துவிட்டது. திருகின் தலை பள்ளத்துக்குள் போய்விட்டது. நகத்தால் சுரண்டினால் பழுப்பாகப் பொடி உதிர்கிறது. தாவர நாரில் உள்ள செல்லுலோஸ் தண்ணீரை இழுக்கும், பிளாஸ்டிக் தள்ளும். இரண்டையும் பிணைக்க மலெயிக் அன்ஹைட்ரைடு சேர்ந்த பிணைப்புப் பொருளைக் கலப்பார்கள். ஆலையிலிருந்து வரும் மேற்புறத்தில் பிளாஸ்டிக் பூசியதுபோல் படிந்திருக்கும். ரம்பம் பட்ட இடத்திலோ தூள் வெறுமனே திறந்து நிற்கும். பொருத்த வந்தவர்கள் முனைகளுக்கு எதுவும் பூசவில்லை. செம்பனைப் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் வெற்றுக் குலை நார், கிளந்தான் மாநிலத்தில் புகையிலைக்கு மாற்றுப் பயிராக வந்த கெனாஃப் செடியின் நார் என்று எதைக் கலந்தாலும் இந்தத் தண்ணீர்க் குணம் போகாது.

அடுத்தது தொய்வு. துளசித் தொட்டி இருந்த இடத்தில், இரு தாங்குசட்டங்களுக்கு நடுவே பலகை மெல்ல வளைந்தது. தொட்டியை நகர்த்தியும் முழுதாக நிமிரவில்லை. தூள் விறைப்பைக் கூட்டுமே தவிர, நீள நார் தரும் வலிமையைத் தராது. ஐரோப்பிய கார்களின் கதவு உட்பலகைக்கு ஆளி, கெனாஃப் போன்றவற்றின் நீள நாரைப் பாய்போல் அழுத்திச் செய்வது அதனால்தான். மேற்கு வெயிலில் காய்ந்த பாலிஎத்திலீன் தொடர்ச்சியான பாரத்துக்கு இன்னும் எளிதாக இளகிக் கொடுக்கும். சட்டங்களை நெருக்கிப் போடச் சொல்லுங்கள். வெயிலில் பலகை நீளவாக்கில் விரியும், அதற்கும் முனைகளில் இடைவெளி வேண்டும்.

நிறம் முதல் ஆண்டிலேயே வெளுத்து, பிறகு அப்படியே நின்றுவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. தீபாவளி விளக்கெண்ணெய்க் கறை சவர்க்காரத்துக்குப் பாதிதான் போனது, மீதியை வெயில் பார்த்துக்கொண்டது. தேங்காய் உடைக்கும்போது அம்மா நேராகப் பலகைமேல் கொளுத்திய சூடத்தின் தழும்பு மட்டும் போகவே இல்லை. நிழல் மூலையில் கரும்பூஞ்சைப் புள்ளிகள் மழைக்காலந்தோறும் வரும், தேய்த்துக் கழுவினால் போய்விடும்.

"பசுமைப் பலகை" என்ற விளம்பரத்தை நான் நம்புவதில்லை. நாரையும் பிளாஸ்டிக்கையும் பிரித்தெடுப்பது எளிதல்ல, தூக்கிப்போட்டால் மக்கவும் மக்காது. பிளாஸ்டிக் செலவைக் குறைத்த பலகை என்று சொன்னால் ஏற்றுக்கொள்வேன்.

கூரைக்கு அடியில் என்றால் மறுபடியும் இதையே போடுவேன். திறந்தவெளிக்கு, சுற்றிலும் தனிப் பிளாஸ்டிக் உறை உள்ள வகை மேல், ஆனால் அறுத்த முனையை அதிலும் அடைக்கத்தான் வேண்டும். வாங்குமுன் கடையில் ஒரு துண்டு கேளுங்கள். ஒரு வாரம் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, அறுத்த முனையின் தடிமனை முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். துண்டு தர யோசிக்கும் கடையில் நான் பலகை வாங்கமாட்டேன்.