நாற்பதாவது நிமிஷம்: ஆன்லைன் மென்டரிங்கில் ஒன்றரை வருஷம்

டிபார்ட்மென்டில் புதிதாகச் சேர்ந்த பெண் போன வாரம் கேன்டீனில் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க ஒரு ஆன்லைன் மென்டரிங்ல இருந்தீங்களே, ஃபீஸைப் பாதியாக் குறைச்சிருக்காங்களாம், சேரட்டுமா?" சேர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வேண்டாம் என்று வந்துவிட்டது. ஏன் அப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்ததில் இவ்வளவு நீளமாகிவிட்டது.

திட்டம் இதுதான். பிஎச்டி முடித்து வேலைக்கு வந்து சில வருஷங்களே ஆன பெண் உதவிப் பேராசிரியர்களுக்கு வழிகாட்டியாக ஆளுக்கொரு மூத்த பேராசிரியை, மாதம் இரண்டு புதன்கிழமை, இரவு எட்டு மணிக்கு வீடியோவில். (எட்டு மணி பெண்களுக்கு வசதியான நேரம் என்று முடிவு செய்தவர் வீட்டில் யார் தோசை சுடுகிறார்களோ.) நான் நேராக நாற்பதாவது நிமிஷத்துக்கு வருகிறேன்.

ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிஷத்தில் கத்தரித்துவிடும். முன்பெல்லாம் இரண்டே பேர் பேசினால் விட்டுவைத்தது, 2022 மே மாதத்திலிருந்து அந்தச் சலுகையும் போச்சு. வருஷத்துக்கு மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு எங்களை அந்த இலவசக் கணக்கில்தான் உட்கார வைத்தார்கள். கட் ஆனால் கோஆர்டினேட்டர் புது லிங்க் அனுப்ப வேண்டும், அவர் அதற்குள் சாப்பிடப் போயிருப்பார். போன் நம்பர் பரிமாறிக்கொள்ளக் கூடாது என்பது விதி, ஏனென்றால் அவர்கள் லிங்க்கில் பேசினால்தான் வருகை பதிவாகும். கூகுள் மீட்டில் இரண்டு பேர் 24 மணி நேரம் வரை இலவசமாகப் பேசலாமே என்று ஃபீட்பேக் படிவத்தில் மூன்று தடவை எழுதினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று மூன்று தடவையும் பதில் வந்தது.

நம் ஊரில் யாரும் எடுத்த எடுப்பில் மனசில் இருப்பதைக் கொட்டுவதில்லை. "கேக்குதா மேடம்", "உங்க மைக் ம்யூட்ல இருக்கும்மா" என்று ஐந்து நிமிஷம். பையனுக்குக் காய்ச்சல் விட்டுதா, இந்த செமஸ்டர் எத்தனை செக்‌ஷன் என்று இன்னும் பத்து. அப்புறம் அவர்கள் அனுப்பிய 'இலக்கு நிர்ணயம்' தாளை இருவரும் கடமைக்கு ஒரு பார்வை. முப்பத்தைந்தாவது நிமிஷத்தில்தான் விஷயம் தொண்டைக்கு வரும். வாயைத் திறப்பேன், திரை போய்விடும். 1997-ல் அமெரிக்காவில் இன்ஜினியரிங், அறிவியல் படிக்கும் பெண்களுக்காகத் தொடங்கிய மென்டர்நெட் என்ற வழிகாட்டித் திட்டம் வெறும் ஈமெயிலிலேயே நடந்தது. வீடியோவும் இல்லை, கட் ஆக ஒன்றும் இல்லை.

இப்போது நியாயத்துக்குச் சொல்ல வேண்டியது. எனக்கு வாய்த்த மேடம் தங்கம்.

நான் இன்ஜினியரிங் கல்லூரியில் முதலாண்டுக்கு கெமிஸ்ட்ரி எடுப்பவள். எங்களை யாரும் ஆராய்ச்சிக்காரர்களாக எண்ணுவதில்லை, கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் கமிட்டி வரும்போது ஆராய்ச்சிக் கணக்கில் காட்ட பேப்பர் மட்டும் வேண்டும். பெண்களுக்கான திட்டங்களைத் தேடினால், மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையான டி.எஸ்.டி. நடத்திவந்த பெண் விஞ்ஞானிகள் திட்டம் வேலையிலிருந்து இடைவெளி விட்டவர்களுக்காக இருந்தது. எனக்கு வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆராய்ச்சிதான் நின்றிருந்தது. கொட்டாங்குச்சிக் கரியை வைத்து சாயப்பட்டறைத் தண்ணீரிலிருந்து நிறத்தை எடுப்பது என் வேலை. அந்தக் கரியின் மேற்பரப்பு கிராமுக்கு எத்தனை சதுர மீட்டர் என்று அளக்க பி.இ.டி. கருவி வேண்டும், எங்கள் லேபில் இருப்பது பியூரெட்டும் பிப்பெட்டும். இரண்டு ஜர்னல் அதற்காகவே திருப்பி அனுப்பின.

மேடம் அந்தக் கடிதங்களை வாய்விட்டுப் படித்தார். "இவங்க உன்னைத் திட்டலைம்மா, ஒரே ஒரு நம்பர் கேக்கறாங்க" என்றார். அப்புறம் ஐ-ஸ்டெம் தளத்தைத் திறந்து திரையில் காட்டினார். 2020-ல் மத்திய அரசு தொடங்கியது, நாட்டில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று தேடி வெளியாரும் நேரம் பதியலாம். எனக்கு அதுவரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பஸ்ஸில் போய் சாம்பிளைக் கொடுத்துவிட்டு மாலையே திரும்பக்கூடிய தூரத்தில் கருவி இருந்தது! மூன்று வருஷம் அதற்காக அழுதிருக்கிறேன். பேப்பர் இப்போது இரண்டாம் ரிவிஷனில் இருக்கிறது.

இன்னொன்று தாம்பாளம். கல்லூரிக்கு யார் விருந்தினர் வந்தாலும் சந்தனம், குங்குமம், கல்கண்டோடு வாசலில் நிற்பது நான்தான், பட்டுச்சேலையில், சில நாள் பதினொன்று வரைக்கும். லேப் நேரம் அதிலேயே போகும். முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. மேடம் முடியாது என்று சொல்லவே சொல்லவில்லை. "வரவேற்புப் பணிக்கான சுழற்சிப் பட்டியல் கிடைத்தால் என் லேப் நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறேன்" என்று ஹெச்.ஓ.டி.க்கு ஒரு மெயில் அடிக்கச் சொன்னார். அவ்வளவுதான். பதில் வரவில்லை, ஆனால் அடுத்த விழாவில் தாம்பாளம் என் கைக்கும் வரவில்லை.

அது யார் கைக்குப் போனது என்று பிறகுதான் பார்த்தேன். கேன்டீனில் என்னைப் பிடித்தாளே, அவள் கைக்கு.

இதைத்தான் கடைசி செஷனில் மேடத்திடம் சொன்னேன். எப்படியோ முப்பத்தெட்டாவது நிமிஷம் ஆகிவிட்டது. "பட்டியல் எதுக்குக் கேக்கச் சொன்னேன்னா, அது வந்தா..." என்று ஆரம்பித்தார், பாதி திறந்த வாயோடு அவர் முகம் உறைந்தது, போச்சு. புது லிங்க் வரவில்லை. மறுநாள் நற்சான்றிதழ் பி.டி.எஃப். வந்தது, என் இனிஷியல் தப்பாக.

சரி, தீர்ப்பு. மேடத்துக்கு ஐந்துக்கு ஐந்து. ஐ-ஸ்டெம் ஒன்றுக்கே மூவாயிரம் தகும். ஆனாலும் சேராதே என்றுதான் அவளிடம் சொன்னேன், மாற்றிக்கொள்ளவில்லை. நான் ஒன்றரை வருஷத்தில் தெரிந்துகொண்டதை ஒரு டீ நேரத்தில் அவளுக்குச் சொல்லிவிடலாம், சொன்னேன். பட்டியல் கேட்டு மெயில் அனுப்புவதாக இருந்தால் இந்தத் தடவை நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்றும் சொல்லியிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

நான் சொல்வதை மீறிச் சேருகிறவர்கள், முக்கியமான கேள்வியை முதல் நிமிஷத்திலேயே கேட்டுவிடுங்கள். சாப்பிட்டாச்சா என்ற விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், கட் ஆனால் அது போகட்டும்.